மூச்சுக்கு ஒரு காவல்காரர்!

குட்டி நண்பர்களே, முதலில் ஒரு சின்ன விளையாட்டு. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணுங்கள் பார்க்கலாம்.

என்ன, எண்ணி முடித்தாயிற்றா? உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 20 வரும். நிமிடத்துக்கு 20 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1,200. ஒரு நாளைக்கு 28,800! நீங்கள் தூங்கும்போதும், கணக்குப் பரீட்சை எழுதும்போதும், கபடி ஆடும்போதும் இந்த வேலை நிற்பதே இல்லை. யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதும் இல்லை.

ஆனால், ஒரு நாள் அந்த மூச்சே சிரமமாகிவிட்டால்? 'அடுத்த மூச்சு வருமா?' என்று ஒருவர் தவிக்கும்போது அவர் பக்கத்தில் நிற்பவர்தான் நம் கட்டுரையின் நாயகர். நுரையீரல் மற்றும் தீவிர சிகிச்சை மருத்துவர். பெயரே நீளமாக இருக்கிறதல்லவா? அவர் படிக்கும் படிப்பும் அப்படித்தான். வாருங்கள், பார்ப்போம்.

இருவர் ஒருவரான கதை

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஆடித்தபசுத் திருவிழா என்றால் ஊரே கொள்ளாத கூட்டம் வரும். சிவன் உயர்ந்தவரா, திருமால் உயர்ந்தவரா என்று வாதாடியவர்களுக்காக கோமதி அம்மன் தவம் இருந்தார், இருவரும் ஒரே உருவமாக, சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள் என்பது அந்த ஊரின் தலபுராணம். சிலையில் ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால்.

நம் டாக்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான்! ஒரு பாதி, நுரையீரல் டாக்டர். இருமல், இளைப்பு, ஆஸ்துமா, காசநோய், நிமோனியா என்று வருபவர்களைப் பார்த்து மருந்து கொடுப்பவர். மறு பாதி, தீவிர சிகிச்சை டாக்டர். ஐ.சி.யூ. என்று பெரியவர்கள் பயத்தோடு சொல்வார்களே, அந்தப் பிரிவில் இரவு பகலாக உயிரைக் காப்பவர்.

இந்த இரண்டும் ஏன் ஒன்று சேர்ந்தன? ஐ.சி.யூ.வுக்கு வருகிறவர்களில் பலருக்கு முதலில் தடுமாறுவது மூச்சுதான். பாம்புக் கடியாக இருக்கலாம், விபத்தாக இருக்கலாம், கடுமையான காய்ச்சலாக இருக்கலாம். எது வந்தாலும் கடைசியில் நுரையீரலுக்குத் துணை தேவைப்படுகிறது. அதனால் நுரையீரலை நன்றாக அறிந்தவரே அங்கேயும் நிற்கிறார்.

மறுபடியும் ஒரு பள்ளிக்கூடம்!

சங்கரன்கோவிலில் ப்ளஸ் டூ படிக்கும் ஓர் அக்காவுக்கு இந்த டாக்டர் ஆக ஆசை என்று வைத்துக்கொள்வோம். அவர் என்னென்ன தாண்ட வேண்டும்?

ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்க வேண்டும். பிறகு நீட் தேர்வு. தேறினால் எம்.பி.பி.எஸ். இடம். அந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில்தான் 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். நாலரை வருடப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி. ஆக ஐந்தரை வருடம்.

இப்போது அவர் டாக்டர்தான். ஆனால் நுரையீரல் டாக்டர் இல்லை! மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வு. தேறினால் சுவாச மருத்துவத்தில் எம்.டி. பட்டம் படிக்க மூன்று வருடம். எம்.டி. பொது மருத்துவம் படித்துவிட்டும் இந்தப் பாதைக்கு வரலாம். அதற்கு மேலும் ஒரு நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம்.

கூட்டிப் பாருங்கள். ஐந்தரை, மூன்று, மூன்று. மொத்தம் பதினொன்றரை வருடம்! ஒன்றாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை நீங்கள் படிப்பது 12 வருடம். ஏறக்குறைய இன்னொரு முறை பள்ளிக்கூடம் முழுவதையும் படித்து முடிப்பது போல! அமெரிக்காவில் இன்னும் அதிகம். கல்லூரி 4 வருடம், மருத்துவக் கல்லூரி 4, பொது மருத்துவப் பயிற்சி 3, நுரையீரல், தீவிர சிகிச்சைப் பயிற்சி 3. மொத்தம் 14 வருடம்.

'அம்மாடி, அவ்வளவு வருடமா?' என்று மலைக்காதீர்கள். எம்.டி. படிக்கும்போதே அவர்கள் டாக்டராக வேலையும் பார்ப்பார்கள். நோயாளிகள்தான் அவர்களுக்குப் பாடப் புத்தகம். அதற்கு உதவித் தொகையும் உண்டு.

பீப்பாயைத் தட்டியவரின் மகன்

அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? முதல் பாடம், தட்டுவதும் கேட்பதும்!

ஆஸ்திரியா நாட்டில் லியோபோல்ட் ஔன்பிருக்கர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். ஒயின் பீப்பாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய அதை வெளியே தட்டிப் பார்ப்பார்களாம். காலியான இடத்தில் 'டங் டங்' என்று கேட்கும். ஒயின் உள்ள இடத்தில் 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்கும். மகன் அதை மனிதரின் நெஞ்சில் தட்டிப் பார்த்தார். நுரையீரலில் காற்று இருந்தால் ஒரு சத்தம், அதைச் சுற்றி நீர் கோத்திருந்தால் வேறு சத்தம்! 1761இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றும் டாக்டர்கள் நெஞ்சில் விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுகிறார்களே, அது இந்த வித்தைதான். தேங்காய் வாங்கும்போது உங்கள் பாட்டி தட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1816இல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் லென்னெக் ஒரு காகிதக் கட்டை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை நோயாளியின் நெஞ்சிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். உள்ளே கேட்ட சத்தம் தெளிவாக வந்தது. அதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். விசில் போலக் கேட்டால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம். காதருகே தலைமுடியை உரசுவது போல மொறுமொறு என்று கேட்டால் காற்றறைகளில் நீரோ சளியோ இருக்கலாம். இந்தச் சத்தங்களைப் பிரித்து அறிய ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைக் கேட்டுப் பழக வேண்டும். பாட்டு வாத்தியார் சுருதி பிசகுவதைக் கண்டுபிடிப்பது போல!

'அப்பா என்ன வேலை பார்க்கிறார்?'

இரண்டாவது பாடம், கேள்வி கேட்பது. இத்தாலி டாக்டர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம், 'நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள் என்று டாக்டர்களுக்கு அதில் சொன்னார்.

இது நம் ஊர்களுக்கு ரொம்பப் பொருந்தும். சங்கரன்கோவில் தெருக்களில் நடந்தால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். பக்கத்தில் ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருக்கின்றன. பஞ்சுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் 'பிசினோசிஸ்' என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அதில் ஒரு விசித்திரம் என்ன தெரியுமா? வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் அதிகமாக இருக்கும். போகப் போகக் குறையும்.

ஆகவே டாக்டர், 'எந்தக் கிழமையில் நெஞ்சை அடைக்கிறது?' என்று கேட்பார். 'இதென்ன கேள்வி?' என்று நமக்குத் தோன்றும். ஆனால் பதிலில் துப்பு ஒளிந்திருக்கும். வீட்டில் விறகு அடுப்பா, யாராவது பீடி புகைக்கிறார்களா, புறா வளர்க்கிறீர்களா என்றுகூடக் கேட்பார். எல்லாம் துப்பறியும் வேலைதான்!

பேனா மூடி பத்திரம்!

மூன்றாவது பாடம், உள்ளே எட்டிப் பார்ப்பது. நுரையீரலைத் தலைகீழாக நிற்கும் மரமாக நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாய்தான் அடிமரம். அது இரண்டாகப் பிரிந்து, கிளை விட்டு, சிறுகிளை விட்டு, நுனியில் கோடிக்கணக்கான காற்றறைகளில் முடிகிறது. ஒரு மனிதரின் காற்றறைகள் 30 கோடிக்கும் மேல்!

இந்த மரத்துக்குள் பயணம் செய்ய ஒரு கருவி உண்டு. பிராங்கோஸ்கோப். 1897இல் ஜெர்மனி டாக்டர் குஸ்தாவ் கில்லியன், மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை ஒரு நேரான குழாயை விட்டு வெளியே எடுத்தார். 1960களில் ஜப்பான் டாக்டர் ஷிகேதோ இகேதா வளைந்து கொடுக்கும் மெல்லிய கருவியை உருவாக்கினார்.

நிலக்கடலை, புளியங்கொட்டை, குண்டூசி, பேனா மூடி என்று குழந்தைகள் வாயில் போட்டு மூச்சுக்குழாயில் சிக்கவைத்துக் கொள்வதுண்டு. சில பேனா மூடிகளின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? தப்பித் தவறி உள்ளே போய்ச் சிக்கினாலும் கொஞ்சம் காற்றாவது போகட்டும் என்றுதான் அந்த ஓட்டை. அதற்காகப் பேனா மூடியைக் கடிக்கலாம் என்று அர்த்தமில்லை!

ஆயிரத்து ஐந்நூறு பேரின் கைகள்

இப்போது ஒரு நிஜக் கதை. 1952ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ நோய் பயங்கரமாகப் பரவியது. பலருக்கு மூச்சு விடும் தசைகளே செயலிழந்தன. அன்று மூச்சுக்குத் துணை செய்ய 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய பெட்டி இருந்தது. ஆனால் பிளெக்தாம் மருத்துவமனையில் அது ஒன்றே ஒன்றுதான். முதல் மூன்று வாரத்தில் மூச்சுத் தடுமாற்றத்தோடு வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

அங்கே விவி என்று 12 வயதுச் சிறுமி இருந்தாள். உங்கள் வயதுதான் இருக்கும். ஆகஸ்ட் 27 அன்று அவள் மரணத்தின் வாசலில் கிடந்தாள். மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சன் ஒரு யோசனை சொன்னார். அவளது கழுத்தில் மூச்சுக்குழாயில் ஒரு துளை போட்டு, அதில் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தினார். நீலம் பாரித்திருந்த சிறுமியின் உடல் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பியது!

சரி, ஒரு பிள்ளைக்கு ஊதலாம். நூற்றுக்கணக்கான பேருக்கு? இரவும் பகலும் பையை அழுத்துவது யார்? மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். நோயாளிக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டியபடியே, மாதக் கணக்கில், மூச்சு மூச்சாகப் பையை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. விவி 1971 வரை உயிர் வாழ்ந்தார்.

அடுத்த வருடம், 1953இல், இப்சன் அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில் ஆபத்தான நிலையில் உள்ளவர்களை ஒரே இடத்தில் வைத்துக் கவனிக்கும் பிரிவைத் தொடங்கினார். இன்றைய ஐ.சி.யூ.வுக்கு முன்னோடி அதுதான். அந்த மாணவர்களின் கைகள் செய்த வேலையைத்தான் இன்று வென்டிலேட்டர் இயந்திரம் செய்கிறது.

குறைத்து ஊதுவதே கெட்டிக்காரத்தனம்

'இயந்திரம்தான் ஊதுகிறதே, டாக்டர் எதற்கு?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி!

பலூனை அளவுக்கு மீறி ஊதினால் என்ன ஆகும்? நோயுற்ற நுரையீரலும் அப்படித்தான். நிறையக் காற்று கொடுத்தால் நல்லது என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான அளவும், இன்னொரு பிரிவினருக்கு அதில் பாதி அளவும் காற்று கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு பெற்றவர்களில் 100க்கு 40 பேர் இறந்தார்கள். பாதி அளவு பெற்றவர்களில் 31 பேர்தான்!

அந்த அளவையும் நோயாளியின் எடையைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லையே! ஒரே உயரமுள்ள குண்டு மாமாவுக்கும் ஒல்லி மாமாவுக்கும் ஒரே அளவு மூச்சுதான்.

இன்னொரு வித்தை, நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது. நம் நுரையீரலின் பெரும் பங்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது அந்தப் பகுதி நசுங்குகிறது. கவிழ்த்துப் படுக்க வைத்தால் அது விரிகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் இதனால் அதிகம் பிழைக்கிறார்கள் என்று 2013இல் பிரான்ஸ் டாக்டர்கள் நடத்திய ஆய்வு காட்டியது. 2020, 2021இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் இதைச் செய்தார்கள். குழாய்கள் எதுவும் கழன்றுவிடாமல் திருப்ப நாலைந்து பேர் வேண்டும். டாக்டர், செவிலியர், இயன்முறை மருத்துவர் எல்லாரும் ஒன்று சேர்ந்தால்தான் நடக்கும். ஐ.சி.யூ.வில் தனி ஒருவராக யாரும் ஜெயிக்க முடியாது.

ராமானுஜனும் சேத்துப்பட்டும்

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தத் துறையில் பெருமை உண்டு. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் சௌரி முத்து. அங்கே காசநோய் விடுதி நடத்திய அவர், 1928இல் சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்திலும் ஒன்றைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர் இருக்கிறதே, அந்த சானடோரியம்தான்! 1937இல் அரசிடம் வந்து, அரசு நெஞ்சக மருத்துவமனையாக வளர்ந்தது.

ராமானுஜன் 1920இல் 32 வயதில் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வந்தது காசநோய் என்றே அன்று கருதினார்கள். அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் பார்த்தீர்களா?

அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அன்று காசநோய் வந்தால் வீட்டை விட்டுப் பல மாதம் விடுதியில் தங்க வேண்டும். படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். 'வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா?' என்று சென்னையின் ஏழைக் குடும்பங்களில் ஆராய்ந்தார்கள். விடுதியில் இருந்தவர்களைப் போலவே வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் தொற்றுவதும் அதிகமாகவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. அம்மாவைப் பிரிந்து தவித்த எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா வீட்டிலேயே இருந்திருப்பார்! யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம்

இவ்வளவு படித்தும், எல்லா உயிரையும் காப்பாற்ற முடிவதில்லை. அப்போது கதவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் உண்மையைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, அவர்களுக்குப் புரியும் பேச்சில், பொய் நம்பிக்கை தராமல் சொல்ல வேண்டும். இதையும் பயிற்சியில்தான் கற்றுக்கொள்கிறார்கள். இதற்கு எந்த இயந்திரமும் துணைக்கு வராது.

நீங்கள் இன்றே செய்யலாம்!

டாக்டர் ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுக்குக் காவல் இருக்க உங்களாலும் முடியும்.

* உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ வீசிங் இருந்தால் இன்ஹேலரை ஒளித்து வைக்காதீர்கள். 'பழக்கமாகிவிடும்' என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு. மாத்திரையைவிட மிகக் குறைந்த மருந்து, நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

* யாருக்காவது மூச்சு வாங்கி, ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, டாக்டர் கொடுத்த இன்ஹேலர் இருந்தால் எடுக்கச் சொல்லி, உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 108க்கு போன் செய்யுங்கள். சுற்றிக் கூட்டம் போட வேண்டாம்.

* வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், 'அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், வாங்க போகலாம்' என்று கையைப் பிடித்து இழுத்துப் போங்கள்.

* தாத்தாவோ சித்தப்பாவோ பீடி, சிகரெட் பிடித்தால், 'எனக்காக விட்டுடுங்களேன்' என்று கேளுங்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள் பேரன் பேத்தி சொல்லிக் கேட்பதுண்டு.

இன்னொரு நல்ல செய்தி. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறும் தமிழக மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்த சட்டம் இது. அதனால் தறி ஓட்டுபவரின் மகளுக்கும், பூ கட்டுபவரின் மகனுக்கும் இந்தப் பாதை திறந்தே இருக்கிறது.

கட்டுரையைத் தொடங்கியபோது மூச்சை எண்ணினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் இருநூறு முறைக்கு மேல் மூச்சு விட்டிருப்பீர்கள். ஒன்றைக்கூடக் கவனித்திருக்க மாட்டீர்கள். எல்லாருடைய மூச்சும் இப்படி யாரும் கவனிக்காமலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் நம் காவல்காரரின் ஆசை.

அந்தக் காவலுக்கு நாளை வரப்போவது யார்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!